பாட்டில் இன்னா கலரு?

அந்த பாட்டில் கதைய ஊர்ல ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கினு திரியிறாங்க. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கினு வருது. ஷெரின் கூடவே ஓடினவ நானு, பாட்டில கையில புடிச்சிக்கினு நின்னவ நானு. நடுவுல பூந்து இவங்க இன்னா சொல்றது? நான் சொல்றேன், கேளுங்க.

என் பேரு ஜெஸிமா. பாகூர் கடைத்தெருவுல ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்காரே ஷேக் மைதீன், அவரு பொண்ணு. ஷெரின் என் ஃபிரண்டு, பாகூர ஒட்டியிருக்கிற சோரியாங்குப்பத்துக்காரி. ஒண்ணாங்கிளாஸ்லேந்து காலேஜ் வரைக்கும் ஒரே பெஞ்சு. காலையில ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓடுவோம். நான் ஓடுறது ஒடம்பு குறையட்டும்னு. அவ கத வேற. பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துல புதுச்சேரி டீம்ல எடம் புடிக்கணும், நேஷனல் மீட்டுக்குப் போவணும், இத வுட்டா அவளுக்கு வேற பேச்சே கெடையாது. மழைக்கு முன்னாடி செலக்‌ஷன். முதல் ரெண்டு பேரத்தான் எடுப்பாங்க.

ஈஸ்டர் முடிஞ்சி வில்லியனூர் மாதா கோயில் திருவிழா வருமில்ல, அதுக்குப் போய்ட்டு வந்ததுலேந்து ஷெரின் கால்ல செருப்பு இல்ல. டீம்ல பேரு வர்ற வரைக்கும் கால்ல எதையும் போடறதில்லன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டா. காலேஜுக்கும் வெறுங்காலு, ஓட்டத்துக்கும் வெறுங்காலு. யாரும் ஏன்னு கேக்கல. எங்க பக்கம் வேண்டுதல்னா வேண்டுதல்தான். எனக்கே நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கிட்டு மொட்ட போட்டிருக்காங்க.

அதே சமயத்துலதான் நாங்க ஓடுற ஏரிப்பக்கத்து மண்பாதைய சிமெண்ட் ரோடு ஆக்கினாங்க. ஷெரினோட அப்பா செபாஸ்டின் மாமா கொத்தனாரு. அந்த ரோட்டுல அவரும் வேல செஞ்சாரு. "பாரு பாப்பா, குழி இல்ல, முள்ளு இல்ல, ஒனக்குன்னே போட்ட மாதிரி இருக்குது"ன்னு அவருதான் பெருமையா சொன்னாரு. ஷெரின் அன்னையிலேந்து தூரத்தக் கூட்டிட்டா. நான் பின்னாடி மூச்சு வாங்கிக்கினே வருவேன், அவ காலு மட்டும் டப்பு டப்புன்னு முன்னாடி கேட்டுக்கினே போவும்.

ஒரு நாளு நீள ஓட்டம் முடிச்சிட்டு எங்க வூட்டு பாத்ரூமுக்குப் போனா. உள்ளேந்து, "ஜெஸி, இங்க வாடி"ன்னு ஒரு குரலு. குரலே சரியில்ல. போய்ப் பாத்தா, யா அல்லா, அவ போன யூரின் கோலா கலர்ல இருக்குது! டீ டிகாக்‌ஷன்கூட அம்மாம் கறுப்பா இருக்காது.

"யார்கிட்டயும் சொல்லாதடி"ன்னு கையப் புடிச்சிக்கிட்டா.

"போடி இவளே! இதப் பாத்துட்டு வாய மூடிக்கினு இருக்க நான் இன்னா கல்லா?"

ஸ்கூட்டில அவள ஏத்திக்கினு நேரா அவங்க வூட்டுக்குப் போய் போட்டு ஒடச்சிட்டேன். அல்போன்சா அத்த, அதான் அவங்க அம்மா, "மாதாவே, எம்பொண்ணு"ன்னு தலையில கைய வச்சிக்கினு ஒக்காந்துட்டாங்க. செபாஸ்டின் மாமா கத்தல. அவரு கத்தியிருந்தா எனக்கு பயமே இருந்திருக்காது.

"போதும்," அப்படின்னாரு. "ஓடினதெல்லாம் போதும். மூத்திரத்துல ரத்தம் போற அளவுக்கு ஒரு ஓட்டம் வாண்டாம்."

ஷெரின் அழல. கட்டில்ல ஒக்காந்து தன்னோட முட்டியையே பாத்துக்கினு இருந்தா. அது அழுவுறத வுட மோசம். எனக்குத் தாங்கல. "மாமா, முதல்ல டாக்டர் பாக்கட்டும். நீங்களே டாக்டர் ஆயிட்டா எப்படி?"ன்னு வெடுக்குனு கேட்டுட்டேன். அவரு என்னைய ஒரு மொற மொறச்சாரு. அப்புறம் சட்டைய மாட்டினாரு.

ஆஸ்பத்திரியில புதுசா வந்த டாக்டர் இருந்தாங்க, ஆண்டாள்னு பேரு. பாத்தா எங்க காலேஜ் சீனியர் மாதிரி இருப்பாங்க. பேச்சு பட்டாசு. பீட்ரூட் சாப்ட்டியா, புதுசா எதனா மாத்திரை போட்டியா, நாட்டு மருந்து குடிச்சியா, அடிபட்டுச்சா, ஜுரம் உண்டா, வூட்ல யாருக்காவது கிட்னி கோளாறு இருக்குதான்னு கேட்டுக்கினே போனாங்க. எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்ல. யூரின எடுத்துக்கினு உள்ள போனாங்க. கொஞ்ச நேரத்துல கதவத் தள்ளிக்கினு வெளிய வந்தாங்க பாருங்க, மொகம் பூரா சிரிப்பு!

"யூரின்ல நனைச்சுப் பாக்குற ஸ்ட்ரிப்ல ரத்தம்னு காட்டுது. மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒரே ஒரு ரத்த அணுகூட இல்லங்க!"

இங்க பெத்தவங்க நடுங்கிக்கினு இருக்காங்க, இந்தம்மாவுக்கு லாட்டரி அடிச்ச சந்தோஷம். எனக்குச் சுர்ருனு ஏறிச்சி. "இதுல சிரிக்கிறதுக்கு இன்னா இருக்குது டாக்டர்?"

"சாரி சாரி," அப்படின்னு நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தாங்க. "கிட்னியில புண்ணு, கல்லு எதனா இருந்தா அணு முழுசா வந்திருக்கும். இங்க அணு வரல. அணுவுக்குள்ள இருக்கிற சாயம் மட்டும் வருது. ஒண்ணு இவ ரத்த அணு எங்கியோ ஒடையுது. இல்லன்னா தசை ஒடையுது. எதுன்னு தெரிஞ்சிக்க ஒரே வழிதான். ஓடி முடிச்ச சூட்டோட ரத்தம் எடுக்கணும்."

"இன்னும் ஒரு வாட்டி ஓடச் சொல்றீங்களா?" மாமா எழுந்துட்டாரு.

"ஒரே வாட்டி சார். கிட்னிக்கு டெஸ்ட் எடுத்து, நல்லா இருந்தாத்தான். இல்லன்னா இன்னான்னே தெரியாம ஆயுசு பூரா பயந்துக்கினு இருப்பீங்க."

கிட்னி டெஸ்ட் நல்லபடியா வந்துச்சி. மறுபடி ஓடினோம். பின்னாடியே மாமா மொபெட்ல, "மெல்லமா, மெல்லமா"ன்னு கத்திக்கினே வர்றாரு. பின்னாடி சீட்ல அத்த ஜெபமாலையோட. ரோட்டுல நாத்து ஏத்திக்கினு போன டிராக்டர்காரன் நின்னு வேடிக்க பாக்குறான். நானும் பல்லக் கடிச்சிக்கினு அன்னிக்கு முழு தூரமும் ஓடிட்டேன், அந்தக் கணக்கயும் எழுதிக்கோங்க. ஓடின காலோட ஆஸ்பத்திரி. வாசப்படியில செருப்பு, ஷூவெல்லாம் கழட்டி வுட்டுட்டு உள்ள ஓடினோம்.

ஷெரின் கையில ரத்தம் எடுத்தாங்க. உடனே டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீயும் வா, ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஆளு வேணும்"னாங்க. ஊசின்னா நான் ஊரக் கூட்டுறவ. அன்னிக்கும் கூட்டினேன். லேப் வச்சிருக்கிற தங்கவேல் அண்ணன் சிரிச்சிக்கினே ரெண்டு டியூபையும் சுத்துற மிஷின்ல போட்டாரு. ங்கொய்னு சுத்துது, சுத்துது, நிக்கவே மாட்டேங்குது. ஒரு வழியா நின்னு, வெளிய எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாரு.

ரெண்டுலயும் அணுவெல்லாம் அடியில செவப்பா தங்கியிருக்குது. மேல நிக்கிற தண்ணி என்னோடது இளமஞ்சளு. ஷெரினோடது ரோஸ் மில்க் மாதிரி செவந்திருக்குது!

"ஒடையிறது ரத்த அணுதான்!" டாக்டர் ஒரு குதி குதிச்சாங்க, சத்தியமா. "தசையா இருந்தா மேல தெளிவாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல, ஒரே தூரம்தான ஓடினீங்க? ஒனக்கு ஒடையல, அவளுக்கு ஒடையுது. இன்னாதான் வித்தியாசம்?"

எங்களுக்கு இன்னா தெரியும்? அவங்க ரூமுக்குள்ள இப்படியும் அப்படியும் நடந்தாங்க. வாசல் வரைக்கும் போனாங்க. அங்கியே நின்னுட்டாங்க.

"ஓடினது ரெண்டு பேரு. ஓடுற ஷூ ஒரு ஜோடிதான கெடக்குது?"

அத்ததான் மெல்ல, "அது மாதாவுக்கு வேண்டிக்கிட்டது டாக்டரம்மா. திருவிழாவுலேந்து அவ செருப்பு போடறதில்ல"ன்னாங்க.

"கடவுளே! அத்தினி கேள்வி கேட்டனே, இத ஏம்மா சொல்லல?"

"வேண்டுதல் ஆச்சேம்மா. நீங்க கேட்டது வியாதிக்கு. இதப் போயி ஆஸ்பத்திரியில எதுக்குச் சொல்றதுன்னு..."

அத்த மேல தப்பே இல்ல. எனக்கும் அது தோணலியே! தெனம் பக்கத்துல ஓடுறேன், அந்த டப்பு டப்பு சத்தத்தத் தெனம் கேக்குறேன். மாதாவோட சமாச்சாரம் ஒரு பக்கம், டாக்டரோட சமாச்சாரம் ஒரு பக்கம்னு எங்க மண்டையில தனித்தனியா கெடந்துச்சி. டாக்டருக்கும் தெரிய வழியில்ல. உள்ள வர்றவங்க எல்லாருமே வெறுங்காலு.

டாக்டர் ஷெரினக் கட்டில்ல ஒக்கார வச்சி உள்ளங்காலத் தட்டிக் காட்டினாங்க. "வெறுங்காலு, கீழ சிமெண்டு. ஒவ்வொரு எட்டுக்கும் இந்த எடத்துல ஓடுற ரத்த அணு நசுங்கி ஒடையுது. உள்ள இருக்கிற ஹீமோகுளோபின் வெளிய சிந்துது. அதுல இரும்பு இருக்குது. அணுவுக்குள்ள இருக்கிற வரைக்கும் அந்த இரும்புக்குத் துரு ஏறினாலும் உடனே சரி பண்ண உள்ளயே ஏற்பாடு உண்டு. வெளிய வந்துட்டா அது கெடையாது. துரு ஏறி பழுப்பாவும், போற எடத்தையும் கெடுக்கும்."

மாமா அது வரைக்கும் செவத்துல சாஞ்சி நின்னவரு, சட்டுனு நிமிந்தாரு. "கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி துரு புடிக்காது. வெளிய நீட்டிக்கினு நின்னா ஒரே மழையில புடிச்சிக்கும். அது மாதிரியா?"

"அதேதான் சார்!" டாக்டருக்குக் குஷி தாங்கல. "நீங்க வெளிய நிக்கிற கம்பிக்கு இன்னா பண்ணுவீங்க?"

"சிமெண்டத் தண்ணியில கரைச்சி, அந்தப் பால அடிச்சி வுடுவோம்."

"ஒடம்பும் சும்மா வுடறதில்ல. ஹேப்டோகுளோபின்னு ஒண்ணு ரத்தத்துல ரோந்து சுத்திக்கினே இருக்கும். வெளிய சிந்தின ஹீமோகுளோபினக் கண்டா கப்புனு புடிச்சிக்கும். புடிச்சிட்டா அதால சேட்ட பண்ண முடியாது. அப்படியே கொண்டு போயி கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் ஒப்படைச்சிடும். அதுக்கும் தப்பி இரும்போட இருக்கிற துண்டு கழண்டுச்சின்னா, அதப் புடிக்க ஹீமோபெக்ஸின்னு இன்னொரு ஆளு. ஏறின துருவ எறக்குறதுக்கு ரத்தத்துல வைட்டமின் சி இருக்குது, யூரிக் ஆசிட் இருக்குது. ஒரு நாளு கொஞ்சம் ஒடஞ்சா ஒனக்குத் தெரியக்கூடத் தெரியாது. நீ தெனம் தெனம் ஒடைக்கிற. புடிக்கிற ஆளுங்க தீந்து போயிட்டாங்க. மிச்சம் கிட்னி வழியா வெளிய வருது. அதுதான் நீ பாத்த கலரு."

ஷெரின் தன் கைய விரிச்சி வச்சிப் பாத்துக்கினு இருந்தா. "நான் தூங்குறப்பகூட உள்ள இவ்ளோ வேல நடக்குதா டாக்டர்?"ன்னு கேட்டா. கண்ணு பளபளன்னு இருந்துச்சி. எனக்கும் புல்லரிச்சிடுச்சி, பொய் சொல்ல மாட்டேன்.

"அப்ப ஓடலாமா?"

"தாராளமா. ஷூ போட்டுக்கினு ஓடு."

"ஷூ போட மாட்டேன்."

போச்சுடா! எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "மாதா ஒங்கிட்ட வந்து கேட்டாங்களாடி, ஒன் செருப்பக் கழட்டிக் குடுன்னு?"

"கேக்கல. நானாத்தான் குடுத்தேன். குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களா? நீ கேப்பியாடி?"

அத்த, மாதா கோயில் சாமியாரக் கேட்டா வேண்டுதல மாத்திக் குடுப்பாருன்னாங்க. அவ மண்டைய ஆட்டிட்டா. மாமா வெளிய போயி தூண்ல கைய வச்சிக்கினு நின்னாரு. "நான் போட்ட ரோடு"ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அந்த மொகத்தப் பாத்துட்டு எனக்கு மூளை வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சி.

"ஏ லூசு! கெட்டித் தரையிலதான ஒடையுது? சோரியாங்குப்பத்துக்காரிக்கு ஊர ஒட்டிப் போற பெண்ணையாத்த நான் காட்டணுமா? அம்மாம் மணலு கெடக்குது, அதுல ஓடேன்!"

எல்லாரும் டாக்டரப் பாத்தோம். டாக்டர் ஒதட்டக் கடிச்சிக்கினு யோசிச்சாங்க. "பாக்கலாம். முதல்ல ரெஸ்ட்டு. புடிக்கிற ஆளுங்கள கல்லீரல் திருப்பிச் செஞ்சி அனுப்பணும், அதுக்கு நேரம் குடு. தண்ணி நல்லா குடி. ஓடினதும் பாட்டில்ல புடிச்சி எனக்குக் காட்டு."

மாமா உள்ள வந்தாரு. "ஒரு வாட்டி. இன்னும் ஒரே ஒரு வாட்டி அந்தக் கலரு வந்துச்சின்னா ஓட்டம் கட். அது போட்டி அன்னிக்கு வந்தாலும் சரி, நேஷனலும் கெடையாது ஒண்ணும் கெடையாது. மாதா மேல ஆணை."

ஷெரின் சரின்னு தலையாட்டினா. அவ சொன்னா சொன்னதுதான், அந்தத் திமிரு புடிச்சவ.

ரெஸ்ட் முடிஞ்சி ஆத்து மணல்ல எறங்கினோம். அம்மாடி, மணல்ல ஓடுறது சாதாரணம்னு நெனச்சீங்களா? முதல் நாளு எனக்குக் கெண்டக்கால் கழண்டு வந்துடும் போல ஆயிடுச்சி. ஷூவுக்குள்ள பாதி ஆறு. அவ வெறுங்கால்ல போறா, சத்தமே இல்ல. அந்த டப்பு டப்பு இல்லாம அவ ஓடுறதப் பாக்கவே புதுசா இருந்துச்சி. முடிச்சிட்டு கருவேலப் புதர் மறைவுக்குப் போனா. மாமா கரையில முதுகக் காட்டிக்கினு நின்னாரு. பாட்டில நான்தான் வாங்கினேன்.

"பாட்டில் இன்னா கலரு?" மாமா திரும்பாமயே கேக்குறாரு.

மஞ்ச! நல்ல எலுமிச்சம்பழ மஞ்ச! நான் போட்ட கூச்சல்ல கொக்கெல்லாம் பறந்துடுச்சி. அல்போன்சா அத்த அந்த பாட்டில வாங்கித் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கினு மணல்ல ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. எதத் தூக்குறோம்னு அவங்களுக்கு நெனப்பே இல்ல. டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு பத்து கைதட்டல் வந்துச்சி.

ஆனா போட்டி மணல்ல இல்லியே. புதுச்சேரியில ஸ்டேடியம், ரப்பரு மாதிரி தரை. சிமெண்ட் அளவுக்குக் கெட்டி இல்ல, மணல் அளவுக்கு மெத்துன்னும் இல்ல. டாக்டரும் உறுதியா சொல்லல. "பாதி நம்பிக்கை, பாதி பயம்"னு போன்ல சொன்னாங்க.

போட்டி அன்னிக்கு வெயிலு மண்டையப் பொளக்குது. காரைக்கால்லேந்து வந்த ரெண்டு பொண்ணுங்க கால்ல ஸ்பைக்ஸ் ஷூ. இவ பாதத்தப் பாத்து அதுங்க கிசுகிசுன்னு சிரிக்குதுங்க. சிரிங்கடி சிரிங்க, ஓடிட்டு சிரிங்கன்னு மனசுக்குள்ள திட்டினேன். விசில் அடிச்சாங்க. மைதானத்த இருபத்தஞ்சி சுத்து சுத்தணும். பாதி வரைக்கும் அந்த ரெண்டும் முன்னாடி, இவ மூணாவது. நான் கம்பியப் புடிச்சிக்கினு தொண்ட கிழியக் கத்துறேன். "வாடி சோரியாங்குப்பம்! வாடி!" மாமா ஒரு வாட்டிகூட அவ மொகத்தப் பாக்கல. அவ கால மட்டும் பாத்துக்கினு இருக்காரு. ஒவ்வொரு எட்டுக்கும் அவரு கண்ணு சுருங்குது. கையில காலி பாட்டிலு.

கடைசி சுத்துக்கு மணி அடிச்சாங்க. அப்பதான் அந்த மணல்ல பட்ட கஷ்டமெல்லாம் வெளிய வந்துச்சி. எங்கேந்துதான் அந்த வேகம் வந்துச்சோ! வளைவுல ரெண்டாவதா போற பொண்ணு தோளுக்குத் தோளு வந்துட்டா. கோட்டத் தொடுறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாஞ்சி வுழுந்தாங்க. யாரு முன்னாடின்னு எனக்குத் தெரியல, பக்கத்துல நின்னவங்களுக்கும் தெரியல. வீடியோவப் பாத்துட்டு சொல்றோம்னாங்க.

மாமாவுக்கு அதெல்லாம் காதுலயே ஏறல. அவ எழுந்து நின்னதும் பாட்டில நீட்டினாரு. அவ வாங்கிக்கினு உள்ள போனா. லேடீஸ் டாய்லெட் வாசல்ல அந்த மனுசன் நிக்கிறத போறவ வர்றவல்லாம் ஒரு மாதிரி பாக்குறாங்க. அவரு அசையல. அத்த ஜெபமாலைய உருட்டுறாங்க. நானும் எனக்குத் தெரிஞ்ச துவாவெல்லாம் ஓதிட்டேன்.

கதவு தொறந்துச்சி. ஷெரின் பாட்டில நெஞ்சோட மறைச்சி வச்சிக்கினு வர்றா. மொகத்துல ஒண்ணும் தெரியல. மாமா அத வெடுக்குனு புடுங்கி சூரியனுக்கு எதுர தூக்கினாரு.

வெயிலுக்குக் கொஞ்சம் அடர்த்தியா இருந்துச்சி. ஆனா மஞ்ச. சுத்தமான மஞ்ச!

"மஞ்சடா! எம்பொண்ணுக்கு மஞ்சடா!" அவரு கத்தினதுல ஸ்டேடியமே திரும்பிப் பாத்துச்சி. அவளக் கட்டிப் புடிச்சிக்கினு தேம்பித் தேம்பி அழுதாரு. பாட்டில நான் வாங்கலன்னா எல்லார் மேலயும் கொட்டியிருக்கும். அழுது முடிச்சி மூக்கத் தொடச்சிக்கினு, அப்புறம்தான் அவருக்கு நெனப்பே வந்துச்சி.

"ஆமா, நீ எத்தினியாவதா வந்த?"

அவ வாயத் தொறக்கறதுக்குள்ள மைக்குல பேரு வந்துச்சி. ரெண்டாவது எடம், ஷெரின், பாகூர்.

அதுக்கப்புறம் நாங்க பண்ண ரகளைய நான் சொல்ல மாட்டேன், மானம் போயிடும். அத்தையும் நானும் தரையில வுழுந்து எழுந்தோம்னு மட்டும் வச்சிக்கோங்க.

வெளிய வந்தா தாரு ரோடு அனலா கொதிக்குது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கணும். மாமா நின்னாரு. குனிஞ்சி தன்னோட ரப்பர் செருப்பக் கழட்டினாரு. ஷெரின் முன்னாடி ஒக்காந்து அவ காலத் தூக்கி, ஒட்டியிருந்த தூசியத் தன் துண்டால தொடச்சி, ஒண்ணொண்ணா மாட்டி வுட்டாரு.

"போடு. மாதாகிட்ட சொன்னது முடிஞ்சிச்சி."

அம்மாம் பெரிய செருப்புக்குள்ள அவ காலு சின்னப் புள்ள காலு மாதிரி இருந்துச்சி. அவ நடக்கிறா, மாமா தாரு ரோட்டுல வெறுங்காலோட தத்தித் தத்திக்கினு வர்றாரு.

"அப்பா, ஒனக்குக் காலு சுடுதுப்பா. நீ போட்டுக்க."

"எனக்கு ஒண்ணும் சுடல. நீ தரையத் தட்டாம நட."